கச்சான் காற்றில் ஒரு சுடர்: இனப்படுகொலை நினைவிடத்தை வடிவமைப்பது எப்படி?

ஒரு சிட்டி விளக்கில் தேங்காய் எண்ணெய் விட்டு, திரி போட்டுக் கொளுத்தினால் சாமியறைக்குள் நெடுநேரம் நின்று எரியும். அதே விளக்கைத் திருகோணமலைக் கடற்கரையில் வைத்துப் பாருங்கள். கொளுத்திய கையை எடுக்கமுன் அணைந்துவிடும்.

2006 ஜனவரி 2ஆம் திகதி, காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் சுடர் ஏற்ற வருகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் குடையைச் சரித்துப் பிடிப்பார். ஒருவர் இரண்டு உள்ளங்கையாலும் சுடரை மறைப்பார். இன்னொருவர் நெருப்புப் பெட்டியில் மிச்சமிருக்கும் குச்சிகளை எண்ணுவார். அழ வந்தவர்கள் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

வீடுகளுக்குப் பிளான் கீறுவது என் தொழில். எங்கள் பக்கத்து இளைஞர்கள் சிலர் ஒருநாள் வந்து, "அண்ணை, இனப்படுகொலையில் செத்த சனத்துக்கு ஒரு நினைவிடம் கட்டுறதெண்டால் எப்படிக் கீற வேணும்? தூபி எத்தனை அடி உயரம் வைக்கலாம்?" என்று கேட்டார்கள். தூபியைப் பிறகு பார்ப்போம், முதலில் இந்த விளக்கு அணையாமல் நிற்க ஒரு இடம் கீறுங்கோ என்றேன். அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவாக்குவோம். இனப்படுகொலை என்ற கருத்துக்குப் பெயர் வைத்தவர் ராபேல் லெம்கின் என்ற போலந்து யூதச் சட்டவாளர், அது 1944இல். 1948 டிசம்பர் 9ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபை அதைக் குற்றமாக்கும் உடன்படிக்கையை ஏற்றது. ஒரு தேசிய, இன, மத மக்கள் கூட்டத்தை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு கொல்வதும், அந்தக் கூட்டம் வாழ முடியாத நிலையை உண்டாக்குவதும், பிள்ளை பிறப்பைத் தடுப்பதும், பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போவதும் அதற்குள் வரும். ஈழத் தமிழர்களான எங்கள் விஷயத்தில் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்ததை இனப்படுகொலை என்றே நாங்கள் சொல்கிறோம். 2015 பெப்ரவரியில் வட மாகாண சபை அப்படித் தீர்மானம் நிறைவேற்றியது. 2022 மே மாதம் கனடா நாடாளுமன்றம் மே 18ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றது. இலங்கை அரசு இன்றைக்கும் மறுக்கிறது.

பிளான் கீறுகிறவனுக்கு இந்தச் சட்டம் எதற்கு? சாதாரணமாக ஒருவர் செத்தால் அவருக்கு உடல் இருக்கிறது, எட்டுச் செலவு இருக்கிறது, அந்தியேட்டி இருக்கிறது, ஆட்டத்திவசம் இருக்கிறது. இனப்படுகொலையில் இவை எல்லாமே பறிபோகின்றன. உடல் இல்லை. எரித்த இடம் இல்லை. செய்ய வேண்டிய பிள்ளையும் கூடவே செத்திருக்கும். சில இடங்களில் ஊர்ப் பெயரே மாறியிருக்கும். ஆகவே நினைவிடத்தின் வேலை அழகாக நிற்பதல்ல. இறுதிக்கடன் செய்ய வழியில்லாமல் போனவர்களுக்கு அந்த வழியைத் திரும்பக் கொடுப்பதுதான் அதன் வேலை. வந்தவர் அங்கே என்ன செய்வார்? நடப்பார், செருப்பைக் கழற்றுவார், பெயரைத் தேடுவார், தொடுவார், விளக்கு வைப்பார், குந்தியிருப்பார், அழுவார், தண்ணீர் குடிப்பார். அந்த ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கினால் வடிவம் தானாக வரும். வடிவத்தை முதலில் முடிவுசெய்தால் இவற்றில் பாதிக்கு இடமே கிடைக்காது.

நமக்கு இது புதுச் சங்கதியும் அல்ல. நடுகல் நடுவதைத் தொல்காப்பியம் ஆறு படியாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வரத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையல் போட்டுச் சிறப்புச் செய்வது, வாழ்த்துவது. எண்ணிப் பாருங்கள், கட்டட வேலை என்று சொல்லத்தக்கது ஆறில் ஒன்றுதான். மற்ற ஐந்தும் சனம் சேர்ந்து செய்கிற காரியம்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. நடுகல் வீரனுக்கு. நிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு. கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளை வீரத்தைக் காட்டச் சாகவில்லை. பங்கருக்குள் பேரனை அணைத்தபடி இருந்த ஆச்சி போருக்குப் போகவில்லை. வானத்தைக் குத்தும் தூண், ஓங்கிய கை, வாள், சிங்கம், புலி எல்லாம் வெற்றிக்கும் வீரத்துக்கும் உரிய மொழி. சாதாரணமாகச் சமைத்துக்கொண்டும் படித்துக்கொண்டும் இருந்த சனத்தின் சாவை அந்த மொழியில் சொன்னால் பொய்யாகிவிடும். இது என் உறுதியான எண்ணம். பலர் உடன்படமாட்டார்கள், தெரியும்.

உலகத்தில் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம். ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் ஒரு குன்றின் மேல் 1967இல் கட்டிய நினைவிடம் இருக்கிறது. 1915இல் தொடங்கிய ஆர்மேனிய மக்கள் அழிப்பின் ஐம்பதாம் ஆண்டில், 1965இல், சனம் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகு வந்த கட்டடம். 12 பெரிய கற்பலகைகள் வட்டமாக நின்று உள்பக்கம் சாய்கின்றன. நடுவில், தரையிலிருந்து கீழே இறங்கிய பள்ளத்தில் அணையா நெருப்பு. படியில் இறங்கும்போது தலை தானாகக் குனிகிறது. பக்கத்திலே 44 மீற்றர் உயரக் கூர் ஒன்றும் உண்டு. ஆனால் நினைவு நாளான ஏப்ரல் 24ஆம் திகதி சனம் போவது அந்தக் கூரிடம் அல்ல, நெருப்பிடம். சுற்றிவர அவர்கள் வைக்கும் பூ சுவர் போல உயர்ந்துவிடும். சாய்ந்த கல்லும் இறங்கிய தரையும் சேர்ந்து குன்றுக் காற்றிலிருந்து அந்த நெருப்புக்கு ஒதுக்குக் கொடுக்கின்றன. எங்கள் கடற்கரைச் சிக்கல்தான் அங்கேயும்.

பேர்லினில் கொலையுண்ட யூதர்களுக்காக 2005இல் திறந்த இடம் வேறு விதம். பீட்டர் ஐசன்மான் வடிவமைத்தது. 2,711 கொங்கிறீட் கட்டைகள், 19,000 சதுர மீற்றர் நிலம். ஓரத்தில் கட்டைகள் முழங்காலுக்குக் கீழே நிற்கும். உள்ளே போகப் போகத் தரை இறங்கும், கட்டைகள் 4 மீற்றருக்கு மேல் உயரும். கட்டைகளுக்கு நடுவே 95 சென்ரிமீற்றர்தான் வழி. இரண்டு பேர் பக்கத்துப் பக்கமாக நடக்க ஏலாது. கூட வந்தவர் ஒரு திருப்பத்தில் காணாமல் போய்விடுவார். கட்டையில் ஒரு பெயரும் இல்லை, ஒரு எழுத்தும் இல்லை. எழுத்தெல்லாம் நிலத்துக்குக் கீழே ஒரு தனி மண்டபத்தில் இருக்கிறது. மேலே உடம்பால் உணர்வது, கீழே வாசித்து அறிவது. இந்தப் பிரிப்பு மிக நல்ல பாடம். துக்கப்பட வருகிறவருக்கும் விளங்கிக்கொள்ள வருகிறவருக்கும் ஒரே சுவரில் இடம் கொடுத்தால் இருவருக்குமே இடைஞ்சல்.

ருவாண்டாவில் 1994இல் ஏறக்குறைய நூறு நாளில் நடந்த படுகொலையை நினைவுகூரும் கிகாலி நினைவிடம் 2004இல் திறந்தது. இரண்டரை இலட்சம் பேருக்கு மேல் அங்கே அடக்கம். மேலே வெறும் கொங்கிறீட் மூடி, பூ வைக்கும் இடம். பெயர்ச் சுவர் இன்னும் நிரம்பவில்லை. நியமாட்டாத் தேவாலயத்தில் செத்தவர்களின் உடுப்பை வாங்குகளின் மேல் அப்படியே குவித்து வைத்திருந்தார்கள், எலும்பும் பார்வைக்கு இருக்கிறது. நடக்கவேயில்லை என்று சொல்பவரின் வாயை அடைக்க அது தேவைப்பட்டிருக்கிறது. கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சி சனத்தைக் கொன்று புதைத்த சோயுங் எக்கில், தூபிக்குள் 5,000க்கும் மேற்பட்ட மண்டை ஓடுகள் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதும் அப்படித்தான். எங்கள் ஊரில் இதை நான் செய்ய மாட்டேன். சைவத்தில் எரித்துக் கடலில் கரைக்கும்வரை அந்த உயிருக்கு ஆறுதல் இல்லை என்று நம்புகிறோம். வேதக்காரருக்கும் முஸ்லிம்களுக்கும் மண்ணுக்குள் போக வேண்டும். எலும்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் தாய்மார் அந்த வாசலை மிதிக்கமாட்டார்கள்.

எலும்பு என்றதும் ஒரு முக்கியமான விஷயம். நிலம் வேலைக்கு எடுக்கமுன், அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 2025இல் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன, ஒரு பிள்ளையின் நீலப் புத்தகப் பையும் பொம்மையும் உட்பட. அதே ஆண்டு எங்கள் மாவட்டத்துச் சம்பூரிலும் கண்ணிவெடி அகற்றும் வேலையில் மனித எச்சங்கள் தெரியவந்தன. அப்படிப்பட்ட நிலத்தில் அத்திவாரத்துக்கு வெட்டும் ஒவ்வொரு மண்வெட்டியும் சாட்சியத்தைக் கெடுக்கும். சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் நீதிமன்றமும் சட்ட மருத்துவரும் வேலையை முடிக்கும்வரை கயிறு கூடக் கட்டக்கூடாது. பிறகும் ஆழக் குழி வெட்டாமல், நிலத்தின் மேல் விரிக்கும் கொங்கிறீட் தட்டில் சுவர் எழுப்புவதே மரியாதை.

இடம் எது என்பதற்கு இரண்டு விடை உண்டு. ஒன்று, நடந்த இடத்திலேயே. இன்னொன்று, சனம் போய்வரக்கூடிய இடத்தில். பொஸ்னியாவில் சிரெப்ரெனிட்சாப் படுகொலையில் இறந்தவர்களுக்கான பொட்டோச்சாரி நினைவிடம் முதல் வகை. 1995 யூலையில் சனம் அடைக்கலம் தேடி ஓடிப்போன ஐநா தளத்துக்கு எதிரிலேயே 8,000க்கும் மேற்பட்டவர்களுக்கான கல்லறைத் தோட்டம். ஒவ்வோர் ஆண்டும் யூலை 11ஆம் திகதி, மரபணுச் சோதனையில் புதிதாக அடையாளம் கண்டவர்களைக் கொண்டுவந்து அடக்கம் செய்கிறார்கள். அதாவது அந்தப் பிளான் இன்னும் முடியவில்லை, முடியக் கூடாது என்றே போட்டது. திருகோணமலை மாவட்டத்தில் நடந்த இடங்களுக்குக் குறைவில்லை. 1996 பெப்ரவரி 11ஆம் திகதி தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்ட குமாரபுரம். 2006 ஓகஸ்ட் 4ஆம் திகதி பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் 17 பணியாளர்கள் கொல்லப்பட்ட மூதூர். ஊருக்கு ஊர் ஒரு சிறிய கல், நகருக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு முற்றம் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் விருப்பம்.

கடற்கரை என்று ஆசைப்படுவோருக்கு ஒரு நடைமுறை விஷயம்: கடலிலிருந்து 300 மீற்றருக்குள் எதைக் கட்டினாலும் கரையோரப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். உப்புக் காற்றில் கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி வீங்கும், கொங்கிறீட் பொரிந்து விழும். கம்பிக்கு மேல் குறைந்தது இரண்டு அங்குலக் கொங்கிறீட் மூட வேண்டும், கடல் மணல் கலக்கவே கூடாது. பத்து ஆண்டில் பெயர்கள் உதிர்ந்து விழுவதைப் பார்க்கும் துக்கத்தை அந்தக் குடும்பங்களுக்கு இன்னொரு தரம் கொடுக்கக் கூடாது.

சரி, இனி வருகிறவரின் காலைப் பார்ப்போம். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். மே 18, மத்தியானம், வெயில் உச்சி. பளபளவென்று தீட்டிய கருங்கல் போட்ட தரை வெளிநாட்டுப் படங்களில் எடுப்பாக இருக்கும். இங்கே வெறுங்காலோடு அதில் ஒரு நிமிடம் நிற்க முடியாது. சனம் பெயரை வாசிக்காமல் ஓரத்துக்கு ஓடும். அதனால் வெளிர் நிறத்தில், கரடாகத் தேய்த்த சீமெந்துப் பாதை. இரு பக்கமும் மணல், மணலில் வேப்ப மரங்கள். முழுக்க மணல் போட்டால் கால் சுடாது, ஆனால் சக்கர நாற்காலி புதையும். செயற்கைக் கால் போட்டவர்களும் எழுபது வயதுத் தாய்மாரும்தான் இங்கே அதிகம் வரப்போகிறார்கள். அதனால் படியே வேண்டாம். மரியாதை என்றால் பீடம் கட்டிப் படி வைத்து உயர்த்த வேண்டும் என்ற பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். இருபது அடி நடந்தால் ஓரடி இறங்குகிற சரிவு போதும். யாரும் மூச்சு வாங்கார், ஆனாலும் றோட்டுச் சத்தம் மெல்ல மேலே தங்கிவிடும். மாரியில் மழைத்தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்காமல் ஓட வாய்க்கால் வைக்க மறக்க வேண்டாம்.

பெயர்ச் சுவர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? இதுதான் எனக்கு மிகப் பிடித்த கணக்கு. திருகோணமலை பூமத்திய கோட்டிலிருந்து எட்டரைப் பாகை வடக்கே இருக்கிறது. மே நடுவில் சூரியன் எங்கள் உச்சிக்கும் வடக்கே போய்விடும். ஆகவே மே 18 மத்தியானம் நிழல் தெற்குப் பக்கம் விழும். ஆறடிச் சுவருக்கு ஓரடிக்குச் சற்று மேலே. பெயர்களைச் சுவரின் தெற்கு முகத்தில் வெட்டினால், பெயரைத் தொட நெருங்கி நிற்பவரின் பாதம் அந்த ஓரடி நிழலுக்குள் இருக்கும். ஜனவரியில் சூரியன் தெற்கே இருக்கும். அதே முகத்தில் வெயில் சரிந்து விழுந்து, வெட்டிய எழுத்தை எடுத்துக் காட்டும்.

ஆனால் கச்சான் தென்மேற்கிலிருந்து வீசும். நிழலான முகமே காற்று அறையும் முகம். அங்கே சாதாரண மாடக்குழி வைத்தால் விளக்கு நிற்காது. அதனால் குழியை நேரே உள்ளே குடையாமல், உள்ளே போய் மேற்குப் பக்கம் திரும்புகிற மாதிரிக் குடைய வேண்டும். விளக்கை வைத்துப் பக்கத்தில் தள்ளினால் சுவரின் தடிப்பு காற்றை மறிக்கும். சுடர் தெரியாது, அதன் வெளிச்சம் மட்டும் குழியின் வாயில் தெரியும். எனக்கு அது குறையாகப் படவில்லை. மேலே புகை போக விரல் நுழையும் அளவு ஒரு துளை. கீழே எண்ணெய் வழிந்து பெயர்களில் இறங்காமல் ஒரு சிறு பள்ளக் கோடு. இருந்தபடியே வைக்கக்கூடிய உயரம், நிலத்திலிருந்து இரண்டரை அடி. ஊருக்கு ஒரு குழி. மேசனிடம் முதலில் ஒன்றைச் செங்கல்லில் கட்டச் சொல்லி, கச்சான் நாளில் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு மீதியைக் கட்ட வேண்டும்.

பெயரை எப்படி வெட்டுவது? பெயின்ற் அடித்தால் உப்புக் காற்றில் இரண்டு மாரியும் தாங்காது. கல்லில் ஆழ வெட்ட வேண்டும், விரல் நுனி இறங்கும் அளவுக்கு. தமிழ் எழுத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறியது. தூசு அடைத்தால், சுண்ணாம்பு பூசினால், முதலில் காணாமல் போவது அதுதான். புள்ளி போனால் பெயர் வேறாகிவிடும். தாய் கூப்பிட்ட பெயர் அதுவல்ல. ஆகவே எழுத்து ஓரங்குலத்துக்குக் குறையக் கூடாது, புள்ளியை எழுத்தை விட ஆழமாகத் துளைக்க வேண்டும். உச்சிப் பெயரும் கைக்கு எட்ட வேண்டும், அடிப் பெயருக்குக் குனிந்தால் போதும்.

பெயர்களின் ஒழுங்கும் ஒரு வடிவமைப்புத்தான். வாஷிங்டனில் வியட்நாம் போரில் இறந்த அமெரிக்கப் படையினருக்கான கருங்கல் சுவரை 1982இல் கட்டினார்கள். வடிவமைத்தபோது மாயா லின் 21 வயது மாணவி. 58,000க்கும் மேற்பட்ட பெயர்களை அகர வரிசையில் போடாமல், இறந்த நாள் வரிசையில் போட்டார். ஒரே நாளில் விழுந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வருவார்கள். அது படையினருக்கான சுவர், இனப்படுகொலைக்கு அல்ல. ஆனால் அந்த உத்தி எடுத்துக்கொள்ளத்தக்கது. எங்களிடம் ஒரே பங்கருக்குள் அம்மா, அப்பா, பிள்ளைகள், பக்கத்து வளவு மாமி என்று சேர்ந்து செத்திருக்கிறார்கள். அகர வரிசை அவர்களை இன்னொரு தரம் பிரிக்கும். ஊர், அதற்குள் குடும்பம் என்று போடலாம். தகப்பன் பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டால் ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள், முழுப் பெயரும் வயதும் வேண்டும். பெயர் வைக்கமுன்னரே போன குழந்தைக்கு, தாயின் பெயரோடு "இன்னாரின் பிள்ளை" என்று ஒரு வரி.

உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் பொதுநலவாயப் போர் மயானம் இருக்கிறது. போயிராதவர்கள் ஒருதரம் போய்ப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள். அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்று கிடையாது. எல்லாருக்கும் ஒரே அளவு, புல் வெட்டி, பெயர் தெளிவாக. பல பத்தாண்டாகச் சம்பளத்துக்கு ஆள் வைத்து அதைக் கவனிக்கிறார்கள். தொலைதூர நாட்டுப் பெடியன்களுக்கு எங்கள் மண்ணில் இது கிடைத்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். எங்கள் பிள்ளைகளுக்கு இதே மண்ணில் இப்படி ஒரு இடம் இல்லையே என்று நினைக்கும்போதுதான் தொண்டை அடைக்கும்.

எத்தனை பேர் என்று கல்லில் எழுதலாமா? ஐநா செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு ஐநாவின் உள்ளக அறிக்கை 70,000 வரை போனது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, அரச பதிவுகளைக் கழித்துப் பார்த்து, 1,46,679 பேருக்குக் கணக்கில்லை என்று அரசு அமைத்த ஆணைக்குழு முன் சொன்னார். ஒன்றைக் கல்லில் வெட்டினால் மற்றவர்களை இல்லை என்றதாகிவிடும். இந்த எண்களை, யார் எப்போது சொன்னது என்ற விபரத்தோடு, வாசிக்கும் அறையில் வைக்கலாம். சுவரில் உறுதியான பெயர்கள் மட்டும். மீதிச் சுவர் வெறுமை. புவனஸ் அயர்ஸில் அரச பயங்கரவாதத்துக்குப் பலியானவர்களின் பூங்காவில் 30,000 பெயர்ப்பலகைகளுக்கு இடம் விட்டிருக்கிறார்கள், ஏறத்தாழ 9,000இல்தான் பெயர் இருக்கிறது. மிச்சம் வெறும் கல். அதன் முன்னால் நிற்கும்போது எண்ணை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாசிக்கும் அறையில் சிங்களம் வேண்டுமா என்று இளைஞர்கள் கேட்டார்கள், கொஞ்சம் கோபமாகவே. வேண்டும் என்றேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும், ஒரே அளவு எழுத்தில். திருகோணமலையில் வாசலைக் கடந்து போகிற மூன்று பேரில் ஒருவர் சிங்களவராகவும் ஒருவர் முஸ்லிமாகவும் இருப்பார். தெரியாமல் போகிறவர் உள்ளே வந்து தன் மொழியில் வாசிக்கட்டும். திகதி, இடம், நடந்தது. வசைச் சொல் ஒன்றும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதினாலே போதும். இந்த மாவட்டத்தில் செத்த முஸ்லிம், சிங்களப் பொதுமக்களின் வீடுகளிலும் அழுதார்கள் என்பதை மறைக்கவும் தேவையில்லை.

கஞ்சிக்கு ஒரு இடம் கட்டாயம். அரிசி, தண்ணீர், உப்பு. போரின் கடைசி நாட்களில் உயிரைப் பிடித்து வைத்தது அதுதான். மே மாதம் எங்கும் அதைக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். 2024 மே மாதம் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காக நால்வரைக் கைது செய்தார்கள், அதில் மூவர் பெண்கள். ஒரு அடுப்புக்கு இவ்வளவு பயம் இருக்கிறது என்றால் அதற்கு எவ்வளவு கனம் இருக்க வேண்டும்! ஓரத்தில் ஓலைக் கொட்டில், மூன்று பெரிய கிடாரம் வைக்கிற அடுப்பு, கை கழுவப் பைப், வரிசை நிற்க நிழல். வரிசை பெயர்ச் சுவரைக் கடந்து போகிற மாதிரி இருக்கட்டும். இதைவிடப் பெரிய சிற்பம் எனக்குத் தோன்றவில்லை.

இடித்துவிட்டால்? நடக்காத காரியம் அல்ல. 2013 நவம்பரில் தஞ்சாவூர் முள்ளிவாய்க்கால் முற்றத்தின் சுற்றுச்சுவரை, திறந்து சில நாளுக்குள், தமிழ்நாட்டு அதிகாரிகளே இடித்தார்கள். 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், மூன்று நாளில் மறுபடி அடிக்கல், ஏப்ரலில் புதிய தூபி. ஆகவே காணி உறுதி, அனுமதிக் கடிதம், பொறுப்பாளர் சபை எல்லாவற்றையும் கல்லுக்கு முன் ஒழுங்குபண்ணுங்கள். பிளானின் பிரதிகள் பல வீடுகளில் இருக்கட்டும். இடித்த கல்லையும் எறிய வேண்டாம். எங்கள் கோட்டை வாசலுக்குப் போனால், இடித்த கோயிலின் தமிழ்க் கல்வெட்டுத் துண்டு மீன் சின்னத்தோடு சுவரில் நிற்பதைக் காணலாம். 1620களில் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இடித்தவரின் பெயர் தெரியாத சின்னப் பிள்ளைக்கும் அந்தக் கல் என்ன என்று தெரியும்.

கடைசியாக, சுவரில் பெயர் போடக் கூடாதவர்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017இலிருந்து தெருவோரத்தில் இருக்கிறார்கள், திருகோணமலையிலும். மகன் இருக்கிறான் என்று நம்பி இருக்கிறவரின் மகனைச் செத்தவர்களின் சுவரில் வெட்டினால், அது அவரைக் கேட்காமல் அவனைக் கொல்வது. அவர் கேட்டால் மட்டும் போடுங்கள்.

அவருக்கென்று தனியாக ஒரு இடம் வேண்டும். வாசலுக்குப் பக்கத்தில், றோட்டைப் பார்த்தபடி, பெரிய வேம்புக்குக் கீழே ஒரு நீளக் குந்து. யார் வருகிறார்கள் என்று பார்க்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும், சுவருக்கு உள்ளே அல்ல. குந்துக்குப் பின்னால் தோளுயரத்தில் ஒரு கல் விளிம்பு, ஓரடி அகலம். சட்டம் போட்ட படம் ஒன்றைப் பின்கால் விரித்து நிறுத்த அது போதும். முன் ஓரத்தில் ஓரங்குலத் தடுப்பு, காற்றில் படம் சரியாமல். அதில் எழுத்து எதுவும் வேண்டாம். காலையில் மகனின் படத்தை மடியில் கொண்டுவந்து அங்கே நிறுத்துவார். பின்னேரம் துடைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.